நாலாயிரம் நாள் பொங்காத ஊர்

எந்த இயந்திரமும் பழுதடைவதற்கு முன் ஒருமுறையாவது வாய்திறந்து சொல்லிவிடும் என்பது, தெருவார் அனைவரும் லிஃப்டுக்காரர் என்றே அழைத்த அந்த மனிதர் இருபத்தாறு ஆண்டு லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழிலில் கற்றுக்கொண்டது. கம்பிவடம் அறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதில் ஓர் இழை பிரியும். கதவு சிக்குவதற்கு முன் அதன் தடம் முனகும். ஆகவே, ஒரு திங்கட்கிழமை காலை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது குளியலறைத் தரைத்துளைக்குள் யாரோ வாய் கொப்பளிப்பது போன்ற ஓசை எழக் கேட்டவர், துண்டைக்கூட எடுக்காமல் கொல்லைப்புறத்துக்கு நடந்தார்.

"முகமெல்லாம் சோப்பு. அங்க என்ன தேடறீங்க?" என்று மனைவி பின்னாலேயே வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் தரமாட்டாள், கோபம் நீங்கலாக.

"புல்லைப் பாத்தியா?"

"பாத்தேன். ஜோரா வளந்திருக்கு. எப்போ தண்ணி ஊத்தினீங்க?"

"நான் ஊத்தல. அதான் பயமா இருக்கு."

கொல்லைப்புறம் முழுவதும் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. நடுவில் மட்டும், அளவுகோல் வைத்து இழுத்தாற்போல, மூன்று பச்சைக் கோடுகள். கழிவுத்தொட்டியிலிருந்து தெளிந்து வரும் நீரைத் துளையிட்ட மூன்று குழாய்கள் சரளைக் கல்லுக்குள் பிரித்துவிடுவதும், அங்கிருந்து மண் அதை மெல்ல மெல்லக் குடித்துத் தூய்மையாக்குவதும் அந்தக் கோடுகளின் அடியில்தான். அதற்கு ஊறல் நிலம் என்று பெயர். மண்ணுக்குத் தொண்டை அடைத்துவிட்டால் நீர் கீழே இறங்காமல் மேலே வரும். புல் அதைத்தான் குடித்துக் கொழுத்திருந்தது. அவர் நடுக்கோட்டில் கால் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். நிலம் பஞ்சு மெத்தையாக உள்வாங்கியது.

கோடுகள் முடியும் இடத்திலிருந்து சரிவில் இருபதாவது அடியில் கிணறு.

மனைவி கிணற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணுங்க. பொண்ணு கைக்குழந்தையோட வரா. அதைக் குளிப்பாட்டறதும் பால்புட்டி கழுவறதும் இந்தத் தண்ணியிலதான். வராதேன்னு நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லிக்கோங்க."

பன்னிரண்டு நாட்கள் இருந்தன. கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலிசெய்து, நிலத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் போதும். ஆனால் நிலத்தடி ஊறல் வாரியத்தின் சீட்டு இல்லாமல் எந்த லாரியும் எந்த வாசலிலும் நிற்காது. சொந்தக் கொல்லையை அனுமதியின்றித் தோண்டியவர் வீட்டுக்கு வாரியமே பூட்டுப் போடும்.

அன்றைக்கே போனார்.

வாரியத்தின் வாசலில் பத்தடி உயரத்தில் ஒரு பலகை இருந்தது. 'கழிவுநீர் பொங்காத நாட்கள்' என்ற எழுத்துகளின் கீழே தகரத்தில் வரைந்த நான்கு இலக்கங்கள்: 3989. ஒவ்வொரு நாள் காலையிலும் எண்மாற்றுநர் என்ற ஊழியர் வெள்ளைக் கையுறை அணிந்து ஏணியில் ஏறி, கடைசித் தகடுகளை உருவிப் புதியவற்றைச் செருகுவார். அதிகாரிகள் அனைவரும் முற்றத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பார்கள். பிறகு தேநீர். பிறகு வேலை என்பது மரபு. ஆனால் தேநீருக்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை.

முன்தடுப்புப் பிரிவு நான்காம் மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. அட்டை மாட்டிய கம்பியின் துருவைப் பார்த்து, மூன்று ஆண்டுகள் இருக்கும் என்று கணித்தபடி அவர் படியேறினார்.

"உக்காருங்க சார், உக்காருங்க!" என்று அந்தப் பிரிவின் அதிகாரி அம்மையார் எழுந்தே நின்றுவிட்டார். "இந்த நாற்காலியில ஒருத்தர் உக்காந்து மூணு வருஷமாச்சு."

"உக்காந்தது நான்தான் மேடம்."

"அப்படியா! அதுக்கப்புறம் ஏன் வரவே இல்ல?"

"அப்ப டேங்கைக் காலி பண்ணச் சீட்டு கேட்டேன். 'அறிகுறி எதுவுமே இல்லையே, வீணா எதுக்கு'ன்னு திருப்பி அனுப்பிட்டீங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்று அம்மையார் மனநிறைவோடு பேனாவைத் திறந்தார். "இப்போ?"

"இப்போ அறிகுறி இருக்கு மேடம். தண்ணி மெதுவா இறங்குது. குழாய் கொப்பளிக்குது. துணி துவைக்கிற அன்னிக்கு லேசா நாத்தம். நிலம் பொதபொதன்னு இருக்கு. குழாய்க்கு மேல மட்டும் புல்லு பச்சையா நிக்குது."

ஒவ்வோர் அறிகுறிக்கும் அம்மையாரின் முகம் சற்றே வாடியது. இறுதியில் பேனாவை மூடினார். "அடடா. லேட்டா வந்துட்டீங்களே சார். அறிகுறி வந்துட்டா அது எப்படி முன்தடுப்பு ஆகும்? இது நேரா சேதப் பிரிவுதான். கீழ போங்க. வந்ததுக்கு இந்தக் கையேட்டை வச்சுக்கோங்க."

கையேட்டின் பெயர் 'வருமுன் காண்பீர்'. உள்ளே வாரியத் தலைவரின் இருபத்திரண்டு படங்கள் இருந்தன.

சேதப் பிரிவின் அதிகாரி தரைத்தளத்தில் ஓர் அளவுநாடாவோடு அமர்ந்திருந்தார். "பொங்கிடுச்சா?" என்று தலைநிமிராமல் கேட்டார்.

"இன்னும் இல்ல."

"பொங்கலன்னா சேதம் இல்ல. நல்லபடியா வீட்டுக்குப் போங்க."

"பொங்கினா?"

"அந்த நிமிஷமே சீட்டு. விதி பதினேழு. நிக்க வச்சே எழுதிக் கொடுப்பேன். ஆனா கவலைப்படாதீங்க, இந்த ஊர்ல எதுவும் பொங்காது."

"போன மாசம் தபால்காரர் வீட்டுல முழங்கால் வரைக்கும் நின்னுச்சே சார்?"

அதிகாரி ஒரு பேரேட்டை விரித்து, வரிசையில் விரல் ஓட்டினார். "அது 'விருந்தினர் ஈரம்'. அன்னிக்கு அவங்க வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்திருந்தாங்க." பக்கத்தைப் புரட்டினார். "இது 'பருவம் தவறிய பனி'. இது 'அண்டை வீட்டு மழை'. இந்த வீட்டுக்கு மட்டும் ரொம்ப யோசிச்சு 'நிலத்தின் வியர்வை'ன்னு போட்டேன். தலைவரே கூப்பிட்டுப் பாராட்டினார்."

"சரி சார். உண்மையிலேயே பொங்கினா அதை நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இத்தனை எளிய கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பதுபோல் அதிகாரி நிமிர்ந்தார். "ஜன்னல் வழியாப் பலகையைப் பாப்பேன். பூஜ்யம் இருந்தாப் பொங்கியிருக்கு. இல்லன்னா இல்ல. வாரியத்துக்கு ஆதாரம் அந்தப் பலகைதான் சார். எண்மாற்றுநரைத் தவிர அதை யாரும் தொடக்கூடாது. அவரும் காலையில ஒருதரம் கூட்டலாம், அவ்வளவுதான். தலைவரே ஆசைப்பட்டாலும் கைவைக்க முடியாது. அப்பேர்ப்பட்ட நேர்மை."

வெளியே எண்மாற்றுநர் ஏணியை மடித்துக்கொண்டிருந்தார். லிஃப்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததும், கையுறையைக் கழற்றுகிற சாக்கில் அருகில் வந்தார்.

"ஊறல் நிலமாண்ணே? திரும்பிப் பாக்காதீங்க. இது என் செக்ஷன் இல்ல, பேசினா மெமோ வரும். இந்த ஏணிக்கு முன்னாடி நான் குழாய் பதிக்கிற வேலைதான். துணி துவைக்கிறதை நிறுத்துங்க. எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்துல துடைச்சுட்டுக் கழுவுங்க. கூரைத் தண்ணி அந்தப் பக்கம் விழுதா? தெருப்பக்கம் திருப்பி விடுங்க. அதுமேல வண்டி ஏத்தாதீங்க, மரம் வைக்காதீங்க. மூணு வருஷத்துக்கு ஒருதரம் டேங்கைக் காலி பண்ணியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல."

"கேட்டேனே. கொடுக்கலையே."

"கொடுக்கமாட்டாங்கண்ணே. ஒரு வீட்டுக்குச் சீட்டுக் கொடுத்தா, மத்த வீடெல்லாம் ஏன்னு கேக்கும்." அவர் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் நடவாதவர்போல் போய்விட்டார்.

அந்த வீட்டில் அடுத்த நான்கு நாட்களும் நீர் மருந்தைப்போல் அளந்து செலவிடப்பட்டது. அளந்தவள் மனைவி. அழுக்குத் துணி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிற்று. குளியல் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வாளி. லிஃப்டுக்காரர் கூரைக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவுமில்லாததால் நடந்தார். வேலைக்குப் புறப்படும்முன் ஒருமுறை, திரும்பியதும் ஒருமுறை, சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து ஒருமுறை என்று கோடுகளுக்குப் போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"மாவு பதம் பாக்கிற மாதிரி எத்தனை தடவைதான் அழுத்துவீங்க? உக்காருங்களேன்!"

"நேத்தைக்கு இன்னிக்கு இறுகியிருக்கு. நீயே மிதிச்சுப் பாரு."

அவளும் மிதித்துப் பார்த்தாள். வியாழக்கிழமைக்குள் கொப்பளிப்பு நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஏழு கார்கள் வந்து நின்றன.

வாரியத் தலைவர் கொல்லைப்புறத்துக்குள் நுழைந்ததும் இரு கைகளையும் விரித்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் விரித்தார்கள். முன்தடுப்பு அம்மையார் பெருமிதத்தோடு விளக்கினார்: அடுத்த வெள்ளிக்கிழமை பலகை நாலாயிரத்தைத் தொடுகிறது, அதற்கான விழாவை முன்னெச்சரிக்கை மிகுந்த ஒரு குடிமகனின் இல்லத்தில் நடத்துவதென்று தீர்மானம், பிரிவின் வரலாற்றிலேயே இருமுறை வந்தவர் இவர் ஒருவர்தான்.

"என்ன பச்சை! என்ன பச்சை!" என்றார் தலைவர். "ஊரெல்லாம் காஞ்சு கிடக்கு, இங்க மட்டும் இப்படி!"

"ஐயா, இந்தப் பச்சைதான் நோயே."

"நோயே இவ்வளவு அழகா இருந்தா ஆரோக்கியம் எப்படி இருக்கும்!" என்றார் தலைவர். கைதட்டல் எழுந்தது. ஒருவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

லிஃப்டுக்காரர் கிணற்றைக் காட்டினார், பேத்தியைச் சொன்னார், சீட்டைக் கேட்டார். தலைவர் அவர் தோளில் கைவைத்தார். "விழா முடிஞ்ச மறுநிமிஷம் என் கையாலயே சீட்டு. போதுமா? விழாவுக்கு இடம் இல்லைன்னு சொன்னா, வாரியத்து மேல நம்பிக்கை இல்லாத வீடுன்னு ஆயிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நாங்க பூட்டுப் போடறது வழக்கம். பாதுகாப்புக்குத்தான்."

கார்கள் போனதும் மனைவி கேட்டாள்: "மறுநிமிஷம் கொடுக்கறதை இப்பவே கொடுத்தா என்ன கெட்டுப்போச்சாம்?"

கேட்ட கையோடு கொல்லைமூலையிலிருந்து மண்வெட்டியை எடுத்தாள். அங்கே குவிந்து கிடந்த மண்ணைப் பழைய சாக்குகளில் நிரப்பிக் கிணற்றுக்கும் கோடுகளுக்கும் நடுவே அடுக்கத் தொடங்கினாள். "தோண்டத்தானே தடை? நான் அடுக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை முதல் வாரியத்தின் தண்ணீர் வண்டி வந்தது. விழாவரை புல் வாடலாகாது என்று காலையிலும் மாலையிலும் கோடுகளுக்கு நீர் பாய்ச்சினார்கள். திங்கட்கிழமை, நிலம் மேடுபள்ளமாக இருப்பதாகச் சாலை போடும் உருளை ஒன்றைக் கொண்டுவந்து மூன்று கோடுகளின்மேலும் ஓட்டினார்கள். லிஃப்டுக்காரர் அதன்முன் போய் நின்றார். ஓட்டுநர் இறங்கி, அவரைப் பரிவோடு கைப்பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி ஏறினார். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பிரிவுத் தலைவர்கள் பன்னிரண்டு மரக்கன்றுகள் நட்டார்கள். தோண்ட எளிதாக இருந்த காரணத்தால் அனைவரும் கோடுகளின்மேலேயே நட்டார்கள். அகலமாக வேர்விடும் மரம் என்று பெயர்ப்பலகையே சொல்லிற்று. புதன்கிழமை கொப்பளிப்பு திரும்பியது. வியாழக்கிழமை மேடை வந்தது.

"இருபது பேர் ஏற வேண்டிய லிஃப்டுல இருநூறு பேரை ஏத்தறாங்க" என்றார் அவர் மனைவியிடம்.

"சத்தம் கேக்குதில்ல?"

"அறுந்துபோற சத்தம்தான் கேக்குது."

வெள்ளிக்கிழமை நூற்றைம்பது விருந்தினர்கள் வந்தார்கள். தபால்காரரும் வந்திருந்தார். பத்து மணிக்குக் கைகழுவும் செயல்விளக்கம் நடந்தது. நூற்றைம்பது பேரும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பதினொரு மணிக்குத் தேநீர். பதினொன்றரைக்கு வீட்டின் ஒரே கழிப்பறைக்கு வெளியே இருந்த வரிசை தெருமுனையை எட்டியது. மனைவி ஒவ்வொரு முறை நீர் திறந்துவிடப்படும் ஓசைக்கும் சாக்குச் சுவரின்மேல் மேலும் ஒரு சாக்கு வைத்தாள்.

பலகையை வாரிய வாசலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மேடையின் பின்புறம் நிறுத்தியிருந்தார்கள். எண்மாற்றுநர் ஏணியேறி, மூன்று பூஜ்யங்களையும், அவற்றுக்கு முன்னால் தங்கநிறத்தில் புதிதாக எழுதிய நான்கையும் செருகினார். 4000. தலைவர் பேச எழுந்தார்.

"நண்பர்களே! பொங்குகிறதா, பொங்கவில்லையா என்று நிலத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழைய காலம் போய்விட்டது. இன்று நாம் பலகையைப் பார்க்கிறோம். நிலம் நனைந்திருக்கலாம், பலகை நனையவில்லை! புகார்கள் வந்தன. அவற்றை நாம் அலட்சியம் செய்தோமா? இல்லை. ஒவ்வொரு புகாருக்கும் அழகான ஒரு பெயர் வைத்தோம். இந்த நாலாயிரம் நாட்களில் ஒருமுறைகூட நாம் மண்வெட்டியைத் தொட்டதில்லை என்பதைத் தலைநிமிர்ந்து..."

மேடையின் முன்கால்கள் மெல்ல மண்ணுக்குள் இறங்கின. தலைவரின் காலணிகளைச் சுற்றிச் சாம்பல்நிற நீர் குமிழியிட்டு எழுந்தது. முன்வரிசையினர் மரியாதை கெடாத வகையில் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள்.

"...தலைநிமிர்ந்து சொல்கிறேன்" என்று தலைவர் தொடர்ந்தார். "கவலை வேண்டாம். இது ஊறல்தான். இன்று மேல்நோக்கி ஊறுகிறது. நாலாயிரமாவது நாளில் நிலமே எழுந்து நம்மை வாழ்த்துகிறது!"

கைதட்டினார்கள். மேடை இன்னும் ஒரு சாண் முன்னால் சாய்ந்தது. பலகையும் சாய்ந்தது. எண்ணெய் பூசிய தடத்தில் தங்கநிற நான்கு முணுமுணுப்பின்றி நழுவி, தலைவரின் தோளைத் தட்டி, மேடையைத் தாண்டி நடுக்கோட்டுச் சேற்றில் மல்லாந்து விழுந்தது.

பலகையில் 000 நின்றது.

சேதப் பிரிவின் அதிகாரி பழக்கத்தினால் பலகையைப் பார்த்தார். பார்த்த பார்வை பார்த்தபடியே இருந்தது.

"எடுங்க! யாராவது அதை எடுங்க!" என்றார் தலைவர். பன்னிரண்டு பிரிவுத் தலைவர்களும் சேற்றைப் பார்த்தார்கள். பிறகு தத்தம் கையைப் பார்த்தார்கள்.

"ஏம்பா, நீ ஏத்து!"

எண்மாற்றுநர் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "இன்னிக்குக் காலையில ஒருதரம் ஏத்திட்டேன் ஐயா. அடுத்தது நாளைக்குக் காலையிலதான். இருக்கிற எண்ணோட ஒண்ணைக் கூட்டலாம். விதி அவ்வளவுதான்."

தகட்டுக்கு மிக அருகில் நின்றவர் லிஃப்டுக்காரர். தலைவர் மேடை விளிம்பில் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்களே எடுத்துக் கொடுங்க. யாரும் பாக்கலைன்னு வச்சுக்குவோம். நாளைக்கே உங்களுக்குச் சீட்டு."

"நாளைக்கு எந்தப் பிரிவுலங்க ஐயா?"

தலைவர் உண்மையாகவே யோசித்தார். "அதை... ஒரு குழு போட்டு முடிவு பண்ணிடலாம்."

லிஃப்டுக்காரர் சரிவைத் திரும்பிப் பார்த்தார். சாம்பல் நீர் சாக்குச் சுவரின் முதல் வரிசையைத் தொட்டு நின்றது. அதன் மறுபுறம், கிணற்றுக்கு முதுகு கொடுத்து, இடுப்பில் ஒரு சாக்கோடு மனைவி நின்றாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். இத்தனை நாளும் செய்துவந்ததைப் போலவே, வலது கால் கட்டைவிரலை நான்கின் நடுவில் ஊன்றி அழுத்தினார். பிறகு பாதம் முழுவதையும் வைத்து அழுத்தினார். உருளையும் மரக்கன்றும் நூற்றைம்பது பேரின் கைகழுவலும் சேர்ந்து பதப்படுத்திய மண் எந்த எதிர்ப்பும் காட்டவில்லை. தங்கநிறம் மறைந்தது.

"பதமா இருக்கு" என்றார்.

சேதப் பிரிவின் அதிகாரி பையிலிருந்து சீட்டுப்புத்தகத்தை எடுத்தார். நாலாயிரம் நாள் திறக்கப்படாததால் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எச்சில் தொட்டுப் பிரித்தார். விதி பதினேழின்படி, நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

லிஃப்டுக்காரர் முதல் வேலையாக லாரிக்காரரைக் கூப்பிட்டார். இரண்டாவதாக மகளைக் கூப்பிட்டார். "மூணு வாரம் கழிச்சு வாம்மா. கிணத்துத் தண்ணியை உங்கம்மா சோதனைக்கு அனுப்பறா. அவ சரின்னா சரி... இல்லம்மா, யாருக்கும் ஒண்ணுமில்ல. பொங்கிடுச்சு, அவ்வளவுதான்."

அந்தச் சொல்லைத் தெருவில் ஒருவர் உரக்கச் சொல்லி ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. தபால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரியின் அருகில் வந்தார். "சார், இப்போ பலகையில பூஜ்யம்தானே? எங்க வீட்டுக்கும் ஒரு சீட்டு எழுதுங்களேன்." அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். 'நிலத்தின் வியர்வை' வீட்டுக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கால்மணி நேரத்தில் விருந்தினர் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். முன்தடுப்பு அம்மையார் இருமுறை தயங்கி, மூன்றாம் முறை வந்து நின்றார். அதிகாரி எழுதுவதை நிறுத்தி, தம் வீட்டு முகவரிக்கு ஒரு சீட்டு எழுதித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதலானார்.

வரிசையின் கடைசியில், காலணிகளைக் கையில் பிடித்தபடி, தலைவர் வந்து நின்றார்.

"எங்க வீட்டுலயும் ரெண்டு வருஷமா..." என்று தொடங்கினார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி ரோட்டுல நில்லுங்க" என்றாள் மனைவி, சாக்கை இறக்கி வைக்காமலே. "இந்த நிலத்துமேல கனம் ஏத்தக்கூடாது."